இணைச்சீர் விசா

என் தங்கைக்கு ஃபெல்மார்க் நாட்டு விசா கிடைக்காமல் போனதற்குக் காரணம், எனக்குப் பெண் கிடைக்காததுதான். வீட்டில் யாரோ கோபத்தில் சொன்ன பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டித் தாளில், முத்திரையோடு, எழுத்தில் வந்தது. "விண்ணப்பதாரரின் அண்ணன் சபரீஷுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. ஆகும் என்று நம்புவதற்கும் இந்த அலுவலகத்துக்குப் போதிய காரணம் தென்படவில்லை." எங்கள் சொந்தக்காரர்கள் பல வருடமாகப் பந்தியில் முணுமுணுத்து வந்ததை ஒரு வெளிநாடு உறுதி செய்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில். வாழை, ஓரமாகக் கொஞ்சம் தென்னை. அப்பா பெயர் தம்பிதுரை, அம்மா சென்னியம்மாள். நான் பி.காம். முடித்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் இப்போதெல்லாம் மாப்பிள்ளைக்குத் தோட்டம் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் முகம் மலர்கிறது. மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று அடுத்த கேள்வி. தோட்டத்தில் என்றால் எழுந்து செருப்பைத் தேடுகிறார்கள்.

தங்கை மோகனப்பிரியா கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவள். எங்கள் ரஸ்தாளிக்கு வாடல் நோய் வந்து, இலை பழுத்து, தண்டு வெடித்து, பாதித் தோட்டம் கண்முன்னே சரிந்தபோது அப்பா சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்துபோனார். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான் இவளுக்கு. அந்த நோய்க்குக் காரணமான பூஞ்சையை ஆராய்கிற பெரிய கூடம் ஃபெல்மார்க்கில் இருக்கிறது. அங்கே வாழையே முளைக்காதாம். ஆகவே நோய் கூடத்தைவிட்டுத் தப்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று தைரியமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பேராசிரியர் இவளுக்கு இடமும் உதவித்தொகையும் கொடுத்துவிட்டார். செப்டம்பருக்குள் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. விசா ஒன்றுதான் பாக்கி.

விசாவுக்கு டெல்லி போக வேண்டாம், கோயம்புத்தூரிலேயே அந்த நாட்டுக் கௌரவத் தூதர் நேர்காணல் செய்வார் என்றார்கள். கௌரவத் தூதர் என்றால் சம்பளம் கிடையாது, கௌரவம் மட்டும். கௌரவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் அதை எவ்வளவு கறாராக வசூலிப்பார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

தூதர் பெயர் அரங்கசாமி. மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி. ஃபெல்மார்க்குக்கு ஒரே ஒரு தடவை, பம்புக் கண்காட்சிக்குப் போனவர். அதிலிருந்து அவருக்கு இந்த ஊர் தூசி ஒத்துக்கொள்வதில்லை. காரில் கொடி, கோட்டில் கொடி, மேஜையில் கொடி. நான் அவரைப் பற்றி நியாயமாகத்தான் சொல்ல முயல்கிறேன். முடியாவிட்டால் யாரும் என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் இருந்த தூதரகத்தின் வாசலில் ஒரு பலகை. "உள்ளே நடப்பவை பதிவு செய்யப்படும். உள்ளே வருபவர் சம்மதித்ததாகக் கருதப்படும்." அதற்கடுத்து உலோகம் கண்டுபிடிக்கிற வளையம். அம்மா நுழைந்ததும் அது கத்தியது. உலோகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார் காவலாளி. அம்மா உடம்பில் இருந்த உலோகம் தாலி ஒன்றுதான்.

"இதக் கழட்டோணும்னா உங்க தூதரே வேண்டாமுங்க" என்று அம்மா திரும்பி நடந்தார். அன்றைக்கு முழுக்க ரேஸ்கோர்ஸ் நடைபாதையில், மரத்தடியில், சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் நானும் இதை மறந்திருப்பேன்.

காத்திருக்கும் அறை ஃபெல்மார்க்கின் குளிரில் வைக்கப்பட்டிருந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் அந்த நாட்டுச் சீதோஷ்ணத்தைத் தாங்குவார்களா என்று சோதிக்கிற ஏற்பாடு. நடுங்கியவர்கள் தாங்க மாட்டார்கள் என்று குறிக்கப்பட்டார்கள். ஸ்வெட்டரோடு வந்த ஒரு பையன் அங்கேயே தங்கிவிடும் திட்டத்தோடு வந்திருக்கிறான் என்று குறிக்கப்பட்டான். அப்பாவின் தண்ணீர்ப் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வப்போது எழுந்து போய் விசாரித்தால் காவலாளி ஒரே பதில் சொன்னார்.

"உக்காருங்க. கூப்பிடுவாங்க."

பசி வந்து, பசி அடங்கியும் போன பிறகு கூப்பிட்டார்கள். பெரிய மேஜை. அரங்கசாமி எங்களை உட்காரச் சொல்லாமல் சொற்பொழிவைத் தொடங்கினார்.

"இந்த ரூமுக்குள்ளாற வந்துட்டீங்கன்னா நீங்க இந்தியாவுல இல்லைங்க. இது ஃபெல்மார்க். நாங்க ஃபெல்மார்க்காரங்க நேரத்துக்கு மதிப்புக் குடுக்கறவங்க. எங்களுக்குச் சட்டம்னா சட்டம். என்ற சொந்த மச்சானுக்கே நான் விசா குடுக்கலைங்க. அவன் கேக்கலைங்கறது வேற விஷயம்."

பிறகு கோப்பைத் திறந்தார். ஃபெல்மார்க் அரசின் சார்பாக முதல் கேள்வி வந்தது.

"நீங்க எந்தக் கூட்டமுங்க?"

எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலப்பிரிவு. அப்பா எங்களுடையதைச் சொன்னார். அரங்கசாமி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, "அப்ப நமக்குப் பங்காளி இல்லை" என்று திருப்தியோடு தலையாட்டி, கோப்பில் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார். பூஞ்சை ஆராய்ச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டு விவகாரம், ஏதாவது இருக்கும் என்று சும்மா நின்றேன்.

"அம்மணி, படிச்சு முடிச்சுத் திரும்பி வருவீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"எங்க வாழைக்காகத்தானுங்க படிக்கவே போறேன். வராம எப்படிங்க?"

"வாழை வாடிப்போச்சுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. வாடிப்போன தோட்டத்துக்கு யாரு திரும்பி வருவாங்க? வாடலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா வாடலைன்னா நீங்க எதுக்குப் போய்ப் படிக்கோணும்?"

மோகனப்பிரியாதான் யோசித்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். இந்த உலகத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திதான் ஒரு தூதரகத்தில் அப்படிச் சொல்லியிருப்பாள்.

"எங்கண்ணனுக்கு இன்னும் கண்ணாலம் ஆகலைங்க. நான் ஒரே தங்கச்சி. இணைச்சீருக்கு நான் வந்துதானுங்க ஆகோணும்."

இணைச்சீர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் பக்கத்தில் நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கையிலும் மறுமுனையை இவள் கையிலும் கொடுத்துச் செய்கிற சீர். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவளை மறக்க மாட்டேன் என்று ஊரறியச் சொல்வது. இது இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நகராது.

அரங்கசாமிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் கல்யாணத்திலும் நடந்ததுதான். ஆனால் ஃபெல்மார்க்காரருக்குத் தெரியாதல்லவா? முதன்முதலாகக் கேட்பவர்போல் முழுக்கக் கேட்டு, எழுதி வைத்துக்கொண்டு, "பலமான பிணைப்பு" என்று மெச்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்பங்க கண்ணாலம்?" என்றார்.

"பாத்துட்டு இருக்கறமுங்க" என்றேன்.

மறுவாரம் வந்த கடிதத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. மேல்முறையீட்டை விசாரிப்பவர்: கௌரவத் தூதர் அரங்கசாமி.

அன்றையிலிருந்து என் கல்யாணம் இரண்டு நாடுகளின் விவகாரம் ஆயிற்று. இதற்கு முன் பெண் பார்க்கப் போனால் அமாவாசை, கரிநாள் பார்ப்போம். இப்போது தூதரகத்தின் வேலைநாள் பார்த்துப் போனோம். ஆனைமலையில் ஒரு பெண். மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறினோம். பெண்ணின் அப்பா காப்பி கொடுத்துவிட்டு, "என்னங்க இத்தன அவசரம்?" என்றார். எங்கள் அப்பாவுக்குப் பொய் வராது.

"பொண்ணு விசாவுக்குப் பையன் கண்ணாலம் வேணுமாமுங்க" என்று சொல்லிப்போட்டார்.

அந்த மனிதர் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. போன இடமெல்லாம் இப்படித்தான். தோட்டத்தில் இருக்கிறவன் என்பது பழைய குறை, விசாவுக்காகக் கட்டிக்கொள்கிறவன் என்பது புதுக்குறை.

சரி, நிச்சயம் ஆகாவிட்டால் முயற்சியையாவது காட்டலாம் என்று அப்பா நினைத்தார். "இன்னார் எங்கள் பெண்ணைக் கேட்டு வந்தது உண்மை, நாங்கள் கொடுக்க மறுத்ததும் உண்மை" என்று பெண் வீட்டாரிடம் எழுதி வாங்க ஆரம்பித்தார். மறுத்த வீட்டுக்கே மறுபடி போய், மறுத்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று நான் விவரிக்கப் போவதில்லை. அவர்கள் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் கேட்காமலே காரணங்களையும் சேர்த்தார்.

அவ்வளவையும் மேல்முறையீட்டோடு கொண்டுபோய் வைத்தோம். அரங்கசாமி ஒவ்வொன்றாக ரசித்துப் படித்தார்.

"பாருங்க தம்பி, இத்தன குடும்பம் உங்கள நம்பி ஒரு பொண்ணக் குடுக்க மாட்டேங்குது. உங்களுக்குக் கண்ணாலம் ஆகும்னு ஒரு நாடு எப்படிங்க நம்பும்? ஃபெல்மார்க் என்ன ஏமாந்த நாடா?"

அறைக் குளிரிலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் மேஜைக் கொடிகள் அன்றைக்குத் தப்பின.

இரண்டாம் கடிதம் இதே வாசகத்தைச் சொன்னது. இன்னொரு மேல்முறையீடு செய்யலாம், அதுதான் கடைசி என்றது. போட்டோம். மாதங்கள் ஓடின. வைகாசியில் ஒருநாள் தூதரகத்திலிருந்து போன்.

"தூதர் ஐயா ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வாராருங்க. குடும்பத்தோட."

கள ஆய்வு என்று நினைத்து அப்பா வாடின வாழையை வெட்டி ஒதுக்குவதா, ஆதாரமாக விட்டு வைப்பதா என்று குழம்பினார். அடுத்த போன் கல்யாணத் தரகரிடமிருந்து வந்தது. விஷயம் அப்போதுதான் தெரிந்தது. தூதருக்கு ஒரு மகன், கதிர். ஃபெல்மார்க்குக்குப் படிக்கப் போனவன், படிப்பு முடிந்து வருடக்கணக்காகியும் திரும்பவில்லை. அவனுக்கு எங்கும் பெண் அமையவில்லை. ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். அன்றைக்குக் கூட்டம் கேட்டுப் பென்சிலில் குறித்தது இதற்குத்தான். விசா நேர்காணல் என்ற பெயரில் அந்த மனிதர் மருமகள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மாட்டேன்னு சொன்னா அப்பீலு போச்சு. செரின்னு சொன்னா புள்ள போச்சு."

"வரச்சொல்லுங்கப்பா" என்றாள் மோகனப்பிரியா. "நானே நேர்காணல் பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கொடி கட்டிய கார் வந்தது. தோட்டத்து வாசலில் புதுப்பலகை தொங்கியது. "உள்ளே நடப்பவை பதிவு செய்யப்படும். உள்ளே வருபவர் சம்மதித்ததாகக் கருதப்படும்." அரங்கசாமி வாய்விட்டுப் படித்து, "அம்மணிக்குக் குறும்பு சாஸ்தி" என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். படித்துவிட்டு உள்ளே வந்தார் என்பது முக்கியம். என் சட்டைப்பையில் ஓடிக்கொண்டிருந்த செல்போனில் அது பதிவானது, பின்னால் உதவியது.

வாசற்படியில் அம்மா நின்றார்.

"உலோகம் இருந்தாக் கழட்டி வெச்சுட்டு வரோணுமுங்க."

"என்னங்க இது?" என்றார் தூதர்.

"கோட்டுல குத்தியிருக்கறீங்களே, அந்தக் கொடி."

அவர் தயங்கினார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் சம்பந்தியம்மாளிடம் என்ன வாதாடுவது? கழற்றினார். அம்மா அதை வாங்கிக் கொட்டாங்குச்சியில் போட்டுத் திண்ணை மேல் வைத்தார். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நின்ற பகல் அம்மாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் முடிந்தது என்று நினைக்கிறேன்.

அவர்களைத் தேங்காய் போட்டு வைக்கிற தகரக் கொட்டகையில் உட்கார வைத்தோம். நடுமத்தியானம். தகரம் காய்ந்துகொண்டிருந்தது. ஃபேன் கிடையாது.

"எங்க ஊட்டுச் சீதோஷ்ணம் தாங்குவீங்களான்னு பாக்கோணுமில்லீங்க" என்றாள் மோகனப்பிரியா பணிவோடு. "வேர்த்தாத் தாங்க மாட்டீங்கன்னு அர்த்தம். விசிறி கொண்டாந்திருந்தா இங்கயே தங்கிப்போடற யோசனைன்னு அர்த்தம்."

அரங்கசாமி இதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். பெண் வீட்டார் விளையாட்டுக்கு முகம் சுளிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதைதான் அவரை அந்தத் தகரத்துக்கடியில் கட்டிப்போட்டது. அவர் எழுந்து விசாரித்தபோதெல்லாம் நான் சொன்னேன்.

"உக்காருங்க. கூப்பிடுவாங்க."

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்து பழக்கமில்லாத கை. சொம்பு நிறைய மோர் கலக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தூதரின் மனைவி வெயிலில் துவண்டிருந்தார். அவருக்கு மட்டும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அரங்கசாமி கையை நீட்டினார். அம்மா அவரைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். மிச்சத்தை அம்மாவே அண்ணாந்து குடித்து முடித்தார்.

பிறகு கொட்டகைக் கோடியில் போட்டிருந்த மேஜைக்குக் கூப்பிட்டோம். மேஜைக்கு இந்தப் பக்கம் மோகனப்பிரியா. நடுவில் செல்போன், பதிவாகிக்கொண்டு. அரங்கசாமியின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"உங்க பையன் எந்த விசாவுலங்க போனாரு?"

"படிப்பு விசாவுல. நாந்தான் கையெழுத்துப் போட்டேன்."

"படிப்பு முடிஞ்சு திரும்பி வருவாருன்னு என்ன ஆதாரம் வாங்கினீங்க?"

"என்ற பையனுக்கு நானே ஆதாரமுங்களே. அவன் எதுக்குத் திரும்பி வரோணும்? இங்க என்ன இருக்குது, தூசியும் வெயிலும்! அங்க போனவன் எவன் அம்மணி திரும்பி வருவான்?"

"அப்பறம் நான் திரும்பி வர மாட்டேன்னு எதுக்குங்க நிறுத்தி வெச்சீங்க?"

"நீ போயிட்டீன்னா எனக்கு மருமக எங்க கிடைக்கும்? சட்டம் பேசறதெல்லாம் அந்த மேஜைல. இந்தா பாரு கண்ணு, படிப்பு விசாவ விடு. கதிர் பெண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். திரும்பவே வேண்டாம். அண்ணன் கண்ணாலத்துக்குக்கூட வர வேண்டியதில்லை. ஆனாத்தானே வரோணும்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பா மெதுவாக எழுந்து நின்றார். மோகனப்பிரியா எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தாள்.

"உங்கள் வரனைக் கவனமாகப் பரிசீலித்தோம். உங்கள் மகன் சொந்த ஊருக்குத் திரும்புவார் என்று நம்புவதற்கு இந்த வீட்டுக்குப் போதிய காரணம் தென்படவில்லை. வரன் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்யலாம். அதை விசாரிப்பவளும் நான்தான்."

அரங்கசாமியின் முகம் வாடல் விழுந்த இலை நிறத்துக்கு வந்தது. "உன்ற அப்பீலு என்ற மேஜைல கெடக்குது, மறந்துபோடாத!" என்று கத்திக்கொண்டு காருக்குப் போனார். கோட்டுக் கொடியைக் கொட்டாங்குச்சியிலேயே விட்டுவிட்டார். அம்மா அதை எடுத்துவைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

பதிவு டெல்லியில் இருக்கிற ஃபெல்மார்க் தூதரகத்துக்குப் போனது. பலகையின் படமும், அதைச் சத்தமாகப் படித்துச் சிரிக்கும் தூதரின் குரலும் கூடவே. ஆடி முழுக்கப் பதிலில்லை. அம்மா மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தார். நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே செய்கிற முறை அது. ஆவணி பிறந்ததும் காரிலிருந்த கொடி இறங்கியது, ரேஸ்கோர்ஸ் பலகை கழன்றது. கதிரின் கோப்பைத் திறந்து பார்த்து, அவனை அடுத்த விமானத்தில் அனுப்பிவைத்தார்கள் என்று தரகர் சொன்னார்.

மோகனப்பிரியாவுக்கு விசாவும் வந்தது. ஆனால் அரசாங்கம் என்றால் அரசாங்கம்தான், தன் கோப்பில் தானே எழுதியதை அது அழிக்காது. இந்தப் பெண் திரும்புவதற்கு இருக்கிற ஒரே பிணைப்பு அண்ணன் கல்யாணம் என்று அந்தக் கோப்பு சொன்னதல்லவா? அதை மதித்து டெல்லிக்காரர்கள் இப்படி அச்சடித்திருந்தார்கள். செல்லுபடியாகும் காலம்: அண்ணன் சபரீஷின் திருமண நாள் வரை.

அப்பா படித்துவிட்டு, "அப்ப நெறைய நாளு இருக்குது" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். எனக்கு அது வலித்தது. ஆனால் தங்கையை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று நானும் தோட்டத்தில் நின்று அப்படித்தான் பெருமூச்சு விட்டேன்.

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. தங்கை ஃபெல்மார்க்கில் இருக்கிறாள் என்றதும் தோட்டத்தில் இருக்கிற எனக்கு மவுசு வந்துவிட்டது. ஆனைமலைக்காரரே ஆள் அனுப்பினார். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது, வருத்தம் இல்லை என்றால் பொய். "பூஞ்சை ஆராய்ச்சி முடியட்டுமுங்க, முடிஞ்சா வாரேனுங்க" என்று சொல்லி அனுப்பினேன். காத்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஆனாலும் ஞாயிறுதோறும் கோபியில் இருக்கிற திருமணத் தகவல் மையத்துக்குத் தவறாமல் போகிறேன். பெண் பார்க்க அல்ல, பார்க்க. அங்கேதான் அரங்கசாமி வருகிறார். கையில் கோப்பு, பக்கத்தில் கதிர். போன வாரம் ஒரு பெண்ணின் அப்பா அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பையன் இப்ப எங்கீங்க இருக்கறாரு?"

"இங்கதானுங்க. ஃபெல்மார்க்குல இருந்தான். திரும்பி வந்துட்டான்."

"ஏனுங்க திரும்பி வந்தாரு?"

அரங்கசாமி கோப்பைப் புரட்டினார். கேட்டவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அரங்கசாமி எழுந்து, அடுத்த வரன் எப்போது வரும் என்று விசாரிக்கிறவர்போல் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்த இடத்தில் நான் இருந்தேன். பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டி, மரியாதையாகக் காட்டினேன்.

"உக்காருங்க. கூப்பிடுவாங்க."